எப்படியும் வீட்டில் இருப்பவள்

ஒரு சட்டம் யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பதை அறிய வேண்டுமானால், அது யாருக்குக் கொடுக்கிறது என்று பார்ப்பதைவிட யாருக்கு மறுக்கிறது என்று பார்ப்பதே நல்ல வழி. நோயுற்ற உறவினரைப் பேணுவதற்காக வேலையை விட்டவர்களுக்கு உதவித்தொகை அளிக்கும் ஏற்பாட்டை 1976-இல் பிரிட்டன் கொண்டுவந்தது. அதன் பெயர் 'இன்வாலிட் கேர் அலவன்ஸ்'. அதை அண்ணன் வாங்கலாம், மகன் வாங்கலாம், மணமாகாத மகள் வாங்கலாம், மனைவியைக் கவனித்துக்கொள்ளும் கணவனும் வாங்கலாம். கணவனோடு வாழும் பெண் மட்டும் வாங்க முடியாது. இந்த ஒரு விலக்கு நீங்கப் பத்தாண்டுகள் ஆயின. அந்தப் பத்தாண்டுகளின் கதையைத்தான் இங்கே சொல்ல முற்படுகிறோம். ஆயினும் அது தொடங்குவது இன்னும் சற்று முன்னால்.

மேரி வெப்ஸ்டர் கான்கிரிகேஷனல் திருச்சபையின் போதகர். பெண்கள் பிரசங்க மேடை ஏறுவதே அரிதாக இருந்த காலம் அது. 1954-இல், தமது முப்பத்தொன்றாம் வயதில், முதுமையும் நோயும் அடைந்த பெற்றோரைப் பேணுவதற்காக அவர் அந்தப் பணியை விட்டு வீட்டுக்குத் திரும்பினார். திருமணம் ஆகாத மகள் என்றால் இது அவளுக்கு விதிக்கப்பட்டது என்றே அந்தச் சமூகமும் எண்ணியது. நாம் அறிந்த சமூகங்களும் வேறு விதமாக எண்ணியவை அல்ல. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1963-இல், அவர் நாளிதழ்களுக்குக் கடிதம் எழுதினார். பெற்றோரைப் பேணும் தனித்த பெண்ணின் நிலை வீட்டுச் சிறைக்கு ஒப்பானது என்பதே அதன் சாரம். பதிலாக நூற்றுக்கணக்கான பெண்கள் அவருக்கு எழுதினர். தத்தம் வீட்டில் தான் ஒருத்தியே இப்படி இருக்கிறேன் என்று ஒவ்வொருத்தியும் எண்ணியிருந்தாள்.

1965-இல் அவர் ஓர் அமைப்பைத் தொடங்கினார். தனித்த பெண்ணுக்கும் அவளைச் சார்ந்திருப்போருக்குமான தேசியக் குழு என்று அதன் நீண்ட பெயரைத் தமிழாக்கலாம். அந்தப் பெயரில் பராமரிப்பாளர் என்ற சொல் இல்லாததைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'கேரர்' என்ற சொல் இந்தப் பொருளில் பெருவழக்குக்கு வந்தது பிற்பாடுதான். செய்கிறவளுக்குத் தனிப்பெயர் இல்லாததால் அவள் மகள், தங்கை, மருமகள் என்ற உறவுப்பெயர்களுக்குள்ளேயே மறைந்திருந்தாள். தமிழில் பணிவிடை என்ற அழகிய சொல் நம்மிடம் உண்டு. ஆனால் அதுவும் செயலின் பெயர்தான். செய்பவருக்கென்று இன்று நாம் எழுதும் 'பராமரிப்பாளர்' அலுவலகத்தில் பிறந்த சொல்; யார் வீட்டுத் திண்ணையிலும் நாம் அதைக் கேட்டதில்லை.

அக்குழு கேட்டது தானம் அன்று. வேலையை விட்டவள் சம்பளத்தை மட்டும் இழப்பதில்லை. ஓய்வூதியத்துக்கான காப்பீட்டுச் சந்தாவையும் இழக்கிறாள். பெற்றோர் இறந்தபின் ஐம்பது வயதில் மீண்டும் வேலை தேடி நிற்கிறாள். ஆகவே இது வருமான இழப்பு, அதை ஈடுசெய்வது அரசின் கடமை என்பது வாதம். இந்த வாதத்தின் வலிமை நன்கு விளங்குகிறது. அதன் பலவீனமும் அதற்குள்ளேயே இருந்தது. அதைப் பின்னர் பார்ப்போம். வெப்ஸ்டர் 1969-இல், நாற்பதுகளின் நடுவயதில், காலமானார். உதவித்தொகையை அவர் காணவில்லை.

1971-இல் முதற்படியாக, இடைவிடாத துணை தேவைப்படும் நோயாளிக்கு ஓர் உதவித்தொகை வந்தது. அது நோயாளியின் பெயரில் வரும் பணம். பேணுகிறவரின் பெயரில் பணம் தருவதாக அரசு ஒப்புக்கொண்டது 1974-இல், பார்பரா காஸில் அமைச்சராக இருந்தபோது. அவ்வாண்டு வெளியான வெள்ளை அறிக்கையில்தான் அந்த விலக்கு இடம்பெற்றது. மணமான பெண்கள் எப்படியும் வீட்டில் இருக்கக் கூடியவர்களே என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். காஸில் பெண்களின் சம ஊதியச் சட்டத்தை 1970-இல் நிறைவேற்றிய அமைச்சர் என்பதை நினைக்கும்போது இந்த வரி வியப்பளிக்கிறது. ஆனால் அதன் வேர் அவரிடம் இல்லை. 1942-இல் வெளியான பெவரிட்ஜ் அறிக்கை மக்களைக் காப்பீட்டு வகைகளாகப் பிரித்தபோது, கணவன் உழைத்து ஈட்டுவான், மனைவி அவனைச் சார்ந்து வாழ்வாள் என்ற குடும்பத்தையே அடிப்படையாகக் கொண்டது. இழந்தால் ஈடுசெய்ய வேண்டிய ஊதியம் அவளுக்கு இல்லை என்பது அந்தக் கணக்கு. அவள் ஆலையிலோ அலுவலகத்திலோ இருபது ஆண்டுகள் உழைத்திருந்தாலும் கணக்கு மாறவில்லை. வருமான இழப்பு என்ற வாதத்தின் பலவீனம் இதுதான். யாருடைய உழைப்பு உழைப்பாக எண்ணப்படவில்லையோ, அவர் இழந்ததும் இழப்பாக எண்ணப்படாது.

விளைவு, பெரும் எண்ணிக்கையில் நோயாளரைப் பேணுகிறவர்களை விலக்கிவிட்டு மிகச் சிலருக்கே பணம் தரும் திட்டம். 1981-இல் உறவினர் அல்லாதோர்க்கும் அது நீட்டிக்கப்பட்டது. அண்டை வீட்டுக்காரர்கூட இப்போது தகுதி பெற்றார். மனைவி பெறவில்லை.

இனி ஜாக்கி டிரேக். மணமானவர், கணவனோடு வாழ்ந்தவர், வேலைக்குச் சென்றுவந்தவர். கடுமையாக உடல்நலம் குன்றிய அவருடைய தாய் 1984-இன் நடுவில் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். டிரேக் வேலையை விட்டார். 1985 பிப்ரவரியில் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார். சட்டப்படி மறுக்கப்பட்டது.

இங்கே ஒரு தற்செயலைச் சொல்ல வேண்டும். அப்போது பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் உறுப்பு நாடு. சமூகப் பாதுகாப்பில் ஆண், பெண் என்ற வேறுபாடு கூடாது என்ற ஐரோப்பிய நெறியாணை 1978 டிசம்பரில் பிறந்தது. அதை நடைமுறைப்படுத்த உறுப்பு நாடுகளுக்கு ஆறாண்டு அவகாசம். அந்த அவகாசம் 1984 டிசம்பரில் முடிந்தது. டிரேக்கின் விண்ணப்பம் அதற்கு ஆறு வாரங்களுக்குப் பின் வந்தது. சில மாதங்கள் முன்னால் வந்திருந்தால் அதற்கு நிற்க இடம் இருந்திருக்காது.

முதல் தீர்ப்பாயம் அவர் பக்கம் நின்றது. அதிகாரி மேல்முறையீடு செய்தார். வழக்கு லக்ஸம்பர்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்குச் சென்றது. அங்கு எழுந்த கேள்வி நம் கவனத்துக்கு உரியது. நோயாலோ ஊனத்தாலோ வேலை தடைப்பட்டவர்களை அந்த நெறியாணை காக்கிறது. சரி, யாருடைய நோய்? டிரேக் நலமாகத்தான் இருந்தார். நோய் தாய்க்கு. உதவித்தொகையோ மகளுக்கு. ஆகவே இது நெறியாணைக்குள் வராது என்பது எதிர்வாதம். சொல்லை மட்டும் பார்த்தால் அதில் நியாயம் இருப்பதாகவே தோன்றும். நீதிமன்றம் சொல்லோடு நிற்கவில்லை. ஒருவருடைய நோய் மற்றொருவருடைய வேலையைத் தடுக்கும்போது அவரும் உழைக்கும் மக்களில் ஒருவரே என்றும், பணம் பேணுகிறவர் கையில் போனாலும் அது நோய்க்கு எதிரான பாதுகாப்பின் ஒரு பகுதியே என்றும் அது தீர்மானித்தது. வடிவத்தை மாற்றி, மூன்றாமவருக்குப் பணம் கொடுப்பதாகக் காட்டி, சமத்துவக் கடமையிலிருந்து ஓர் அரசு தப்பிவிடக் கூடாது என்பது அதன் கருத்து. தாயின் நோயும் மகளின் வேலையும் ஒரே நிகழ்ச்சியின் இரு முனைகள் என்று ஓர் உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது நமக்குச் சிறிய செய்தியாகத் தோன்றவில்லை.

தீர்ப்பு வந்த நாள் 1986 ஜூன் 24. அதற்கு முந்தைய நாள், தோல்வி உறுதி என்று கண்ட தாட்சர் அரசு, மணமான பெண்களுக்கும் உதவித்தொகை தரப்படும் என்று தானாகவே முன்வந்து அறிவித்தது. கருணை வருவதற்கும் ஒரு முகூர்த்தம் வேண்டியிருக்கிறது போலும்.

வெப்ஸ்டரின் அமைப்பும் தன் பெயரில் இருந்த எல்லையைக் கடந்து, 1988-இல் பராமரிப்பாளருக்கான வேறொரு சங்கத்தோடு இணைந்தது. இன்று 'கேரர்ஸ் யுகே' என்ற பெயரில் இயங்குகிறது. 2003-இல் உதவித்தொகையின் பெயரிலிருந்து 'இன்வாலிட்' என்ற சொல் நீங்கி, 'கேரர்ஸ் அலவன்ஸ்' ஆயிற்று.

ஆனால் பிறப்பின் அடையாளம் போகவில்லை. வருமான இழப்புக்கு ஈடு என்று பிறந்ததால், ஒரு வரம்புக்கு மேல் சம்பாதித்தால் அது முற்றாக நின்றுவிடும், படிப்படியாகக் குறைவதில்லை. 2025 ஏப்ரலில் உதவித்தொகை வாரத்துக்கு 83.30 பவுண்டு, சம்பாத்திய வரம்பு 196 பவுண்டு. வரம்பை ஒரு பென்னி கடந்தாலும் அந்த வாரத்து 83.30 பவுண்டும் தகுதியற்ற பணம். பணம் பெறுவதற்கு வாரம் 35 மணி நேரமாவது நோயாளியைப் பேணியிருக்க வேண்டும். அதற்கிடையில் பகுதிநேர வேலை செய்தோர் பலர் தம்மை அறியாமலே வரம்பைக் கடந்தனர். தகவல் அரசிடம் இருந்தும் உடனே எச்சரிக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் கடன் ஏறிய பிறகு ஆயிரக்கணக்கான பவுண்டுகளைத் திருப்பிக் கேட்டுக் கடிதங்கள் சென்றன. 2024-இல் கார்டியன் நாளிதழ் இதைத் தொடர்ந்து எழுதியபோது, 1,30,000-க்கும் மேற்பட்டோர் மொத்தம் 25 கோடி பவுண்டுக்கு மேல் கடன்பட்டிருந்தனர் என்பது வெளிவந்தது. சிலர் மோசடிக் குற்றமும் சாட்டப்பட்டனர். அரசு அமர்த்திய தனி ஆய்வு 2025 நவம்பரில் வெளியாகி, பிழை பெரிதும் நிர்வாகத்தின் பக்கம் என்று கண்டது. அந்தக் கடன்கள் பலவற்றை மீண்டும் கணக்கிட அரசு இணங்கியது.