டெபியன் நிறுவல்

டெபியன் நிறுவல் என்பது டெபியன் குனூ/லினக்சு இயங்குதளத்தை ஒரு கணினியில் பதிந்து பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் செயற்பாடு ஆகும். டெபியன் 1993 ஆகத்து 16 அன்று இயன் மர்டாக் என்பவரால் தொடங்கப்பட்டு, தன்னார்வலர்களால் பேணப்பட்டு வரும் ஒரு கட்டற்ற இயங்குதளம். உபுண்டு உட்படப் பல லினக்சு வழங்கல்கள் இதிலிருந்து கிளைத்தவை. இதனை நிறுவுவது கடினம் என்ற பெயர் நெடுங்காலமாக உண்டு. அப்பெயருக்குக் காரணம் பெரும்பாலும் நிறுவி அன்று. புதிய வன்பொருள்களுக்குத் தேவைப்படும் மூடிய நிரல்களே.

நிலைபொருள் சிக்கல்

வை-ஃபை அட்டை, வரைகலை அட்டை, ஒலிச் சில்லு போன்றவை தமக்குள் ஒரு சிறு நிரலை இயக்கியே வேலை செய்கின்றன. இது நிலைபொருள் எனப்படுகிறது. பழைய கருவிகளில் இந்நிரல் சில்லிலேயே பதிந்திருந்தது. இப்போது செலவைக் குறைக்கவும் பின்னர் திருத்தவும் வசதியாக, கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் இயங்குதளமே அதனைக் கருவிக்குள் ஏற்றும்படி உற்பத்தியாளர்கள் அமைத்துள்ளனர். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மூலநிரல் வெளியிடப்படுவதில்லை. எனவே டெபியனின் கட்டற்ற மென்பொருள் வரையறைக்குள் அவை அடங்கா.

2011 பெப்ரவரியில் வெளியான டெபியன் 6 பதிப்பில் இத்தகைய நிரல்கள் கருனியிலிருந்து முற்றாக நீக்கப்பட்டன. கொள்கை அளவில் இது தெளிவான முடிவு. நடைமுறையிலோ, வலையிணைப்புக்கான நிலைபொருளைப் பெற வலையிணைப்பு வேண்டும் என்ற வட்டத்துக்குள் புதிய பயனர் சிக்கினார். நிலைபொருள் சேர்ந்த நிறுவல் கோப்புகள் தனியே கிடைத்தன. ஆனால் அவை அதிகாரபூர்வமற்றவை எனக் குறிக்கப்பட்டு எளிதில் கண்ணில் படாத இடத்தில் இருந்தன. பார்வைக் குறைபாடு உடையோர் நிலை இன்னும் மோசமானது. டெபியன் நிறுவியைத் திரையைப் பார்க்காமல் பேச்சொலி மூலமாகவும் இயக்கலாம். ஆனால் பல புதிய மடிக்கணினிகளில் ஒலிச் சில்லுக்கே நிலைபொருள் தேவை என்பதால் நிறுவி ஊமையாகிவிடும்.

இச்சிக்கலை நிறுவல் கோப்புகளை உருவாக்கும் பணியில் இருந்த சுடீவ் மெக்கின்டயர் 2022இல் விவாதத்துக்குக் கொண்டுவந்தார். அவ்வாண்டு நடந்த வாக்கெடுப்பில், நிலைபொருளை அதிகாரபூர்வ நிறுவியிலேயே சேர்ப்பது என்றும் அதற்கேற்ப டெபியன் சமூக ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவைத் திருத்துவது என்றும் உறுப்பினர்கள் முடிவு செய்தனர். 2023 சூன் 10 அன்று வெளியான டெபியன் 12 முதல் இது நடைமுறையில் உள்ளது. நிலைபொருள்களுக்கெனக் களஞ்சியத்தில் தனிப் பகுதி ஒதுக்கப்பட்டுள்ளது. எவை நிறுவப்பட்டன என்பதைப் பயனர் அறியலாம். வேண்டாம் என்போர் நிறுவியைத் தொடங்கும்போதே தடுக்கலாம். இதனை விட்டுக்கொடுப்பு எனக் கருதுவோரும் உளர். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை பரிந்துரைக்கும் வழங்கல்களின் பட்டியலில் டெபியன் இல்லை.

முன்னேற்பாடுகள்

வலைவழி நிறுவலுக்கான கோப்பு ஒரு கிகாபைட்டுக்கும் குறைவானது. பதிவிறக்கிய பின் அதன் சரிபார்ப்புத் தொகையை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பாதியில் அறுந்த பதிவிறக்கம், நிறுவலின் நடுவில் காரணம் விளங்காத பிழையாகத் தலைகாட்டக்கூடும். கோப்பை நினைவுக்குச்சியில் சாதாரணமாகப் படியெடுத்து வைத்தால் போதாது. அதற்குரிய மென்பொருளால் எழுத வேண்டும். குச்சியில் முன்பு இருந்தவை அழிந்துவிடும்.

விண்டோசுடன் வந்த கணினியில் இரண்டையும் வைத்துக்கொள்ள விரும்பினால், விண்டோசின் வட்டு மேலாண்மைக் கருவி கொண்டே அதன் பிரிவைச் சுருக்கி வெற்றிடம் உண்டாக்குவது பாதுகாப்பானது. விண்டோசின் விரைவுத் தொடக்க வசதியை நிறுத்த வேண்டும். வட்டு பிட்லாக்கரால் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை முதலில் தாளில் குறித்துக்கொள்வது மிக இன்றியமையாதது. கணினியின் தொடக்க அமைப்புகளில் ஒன்றை மாற்றியவுடன் விண்டோசு அச்சாவியைக் கேட்கலாம். அது இல்லையேல் உள்ளிருக்கும் கோப்புகளை மீட்க வழியில்லை.

நிறுவும் முறை

நிறுவி எழுத்து வடிவிலும் வரைகலை வடிவிலும் கிடைக்கிறது. தமிழில் நிறுவ விரும்புவோர் வரைகலை வடிவையே தேர்ந்தெடுக்க வேண்டும். எழுத்து வடிவத் திரையால் தமிழ் எழுத்துகளைச் சரியாகக் காட்ட இயலாது.

மொழி, இடம், விசைப்பலகை ஆகியவற்றுக்குப் பின் வரும் கடவுச்சொல் திரை பலரைத் தடுமாற வைக்கிறது. நிர்வாகியான ரூட் பயனருக்குக் கடவுச்சொல் கொடுத்தால், அடுத்து உருவாக்கப்படும் பயனருக்கு நிர்வாக ஆணைகளை இடும் உரிமை தரப்படுவதில்லை. அதனை வெற்றாக விட்டால் அவ்வுரிமை தானே கிடைக்கும். உபுண்டுவிலிருந்து வருவோர் வெற்றாக விடுவதே நல்லது.

வட்டுப் பிரிப்பே கவனம் மிக வேண்டிய கட்டம். முழு வட்டையும் பயன்படுத்தும் தெரிவு விண்டோசையும் கோப்புகளையும் சேர்த்து அழித்துவிடும். ஏற்கெனவே உள்ள தொடக்கப் பிரிவை இரு இயங்குதளங்களும் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் அதனை மறுவடிவமைப்புச் செய்தல் ஆகாது. பிரிவுகளை எழுத ஒப்புதல் கேட்கப்படும் வரை வட்டில் மாற்றம் எதுவும் நிகழ்வதில்லை என்பதால், அதுவரை அஞ்சாமல் பின்னோக்கிச் செல்லலாம்.

சிக்கல்களும் தீர்வுகளும்

நினைவுக்குச்சியிலிருந்து கணினி தொடங்காவிடில் தொடக்க வரிசையைப் பார்க்க வேண்டும். பாதுகாப்பான தொடக்கம் என்னும் வசதியை டெபியன் 2019இல் வெளியான 10ஆம் பதிப்பிலிருந்து ஆதரிப்பதால், பொதுவாக அதனை அணைக்கத் தேவையில்லை. எனினும் சில புதிய மடிக்கணினிகள் விண்டோசு தவிர்ந்தவற்றுக்கான மைக்ரோசாப்ட் சான்றிதழை முன்னிருப்பாக ஏற்பதில்லை. அவற்றின் அமைப்புத் திரையில் அதனை இசைவிக்க வேண்டும்.

நிறுவிக்கு வட்டே தென்படவில்லையெனில், வட்டுக் கட்டுப்படுத்தி இன்டெலின் ரெய்டு முறையில் இருக்கக்கூடும். அதனை ஏ.எச்.சி.ஐ. முறைக்கு மாற்றலாம். விண்டோசு இருக்கும் கணினியில் முன்னேற்பாடின்றி இவ்வாறு மாற்றினால் விண்டோசு தொடங்காமற் போகும். முதலில் அதனைப் பாதுகாப்பு முறையில் தொடங்குமாறு அமைத்துவிட்டு மாற்றுவதே வழக்கம்.

நிலைபொருள் சேர்க்கப்பட்ட பின்னும் சில பிராட்காம் வை-ஃபை சில்லுகள் இயங்குவதில்லை. அவற்றின் நிரலைப் பிறர் வழங்க உரிமம் இடந்தருவதில்லை. அப்போது ஆண்ட்ராய்டு கைபேசியை வடத்தால் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்தால், நிறுவி அதனைக் கம்பி வலையாகவே ஏற்றுக்கொள்கிறது. செலவில்லாத இவ்வழி பலருக்குத் தெரிவதில்லை.

நிறுவல் முடிந்து திரை கருமையாக நின்றால், குரப் ஏற்றியின் பட்டியலில் கருனி வரியின் இறுதியில் நோமோட்செட் என்ற சொல்லைச் சேர்த்துத் தற்காலிகமாகத் தொடங்கலாம். என்விடியா அட்டைகளில் இது மிகுதி. உரிய இயக்கியைப் பின்னர் நிறுவும்போது, பாதுகாப்பான தொடக்கம் செயலில் இருந்தால் அவ்வியக்கிக்கான கையொப்பச் சாவியையும் கணினியில் பதிய வேண்டும். பதியாவிடில் கருனி அதனை ஏற்க மறுக்கும். டெபியனின் நிலையான பதிப்பு வெளிவந்த பிறகு சந்தைக்கு வந்த வன்பொருளாயின், பின்பெயர்ப்புக் களஞ்சியத்திலிருந்து புதிய கருனியை நிறுவுவது பெரும்பாலும் பயன் தரும்.

கணினி நேரே விண்டோசுக்குச் சென்றால் குரப் அழிந்துவிட்டதாகக் கொள்ள வேண்டியதில்லை. தொடக்க வரிசையில் டெபியனை முதலில் வைத்தால் போதுமானது. மாறாக, குரப் பட்டியலில் விண்டோசு காணப்படாவிடில், பிற இயங்குதளங்களைத் தேடும் அமைப்பை இயக்கிப் பட்டியலை மீண்டும் உருவாக்க வேண்டும்.

இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவோர் கணினியில் விண்டோசின் கடிகாரம் பின்தங்கிக் காட்டலாம். இந்தியாவிலும் இலங்கையிலும் இவ்வேறுபாடு சரியாக ஐந்தரை மணி நேரமாக இருக்கும். வன்பொருள் கடிகாரத்தில் லினக்சு உலக நேரத்தையும் விண்டோசு உள்ளூர் நேரத்தையும் எதிர்பார்ப்பதே காரணம். கடிகார மின்கலத்தை மாற்றிப் பயனில்லை. இரண்டில் ஒன்றை மற்றதன் வழக்கத்துக்கு மாற்றியமைத்தால் சரியாகிவிடும்.