கரி அரசு கவிழ்ந்த கதை

1882-ஆம் ஆண்டு, சனவரித் திங்கள். லண்டன் மாநகரில், ஹோல்போர்ன் வயடக்ட் என்னுமிடத்தில் எடிசனின் பொறிகள் சுழலத் தொடங்கின. நிலக்கரியை எரித்துப் பொதுமக்களுக்கு மின்சாரம் வழங்கிய உலகின் முதல் மின்நிலையம் அது.

2024-ஆம் ஆண்டு, செப்டம்பர் 30. நாட்டிங்காம்ஷயரில் ராட்கிளிஃப் மின்நிலையம் நிறுத்தப்பட்டது. பிரிட்டனில் நிலக்கரி மின்சாரம் அன்றோடு முடிந்தது. 142 ஆண்டுகள் ஆண்ட கரி அரசு, தான் முடிசூடிய நாட்டிலேயே முடி இழந்தது!

வெயில் கொளுத்தினால் கலிகாலம் என்பர். மழை பொய்த்தால் தெய்வக் குற்றம் என்பர். நாம் கேட்கிறோம்: உலகு சூடேறுவது தெய்வக் குற்றமா, புகைபோக்கியின் குற்றமா?

விடை நேற்று வந்ததன்று. 1856-இல் யூனிஸ் ஃபூட் எனும் அமெரிக்கப் பெண்மணி, கண்ணாடிக் குழாய்களில் வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்தார். கரியமில வாயு இருந்த குழாயே மிகுதியாகச் சூடேறிற்று. அறிஞர் அவையில் அவரது கட்டுரையைப் படித்தவரோ ஓர் ஆடவர்! 1859-இல் லண்டனில் ஜான் டிண்டால், அவ்வாயு வெப்பத்தை விழுங்குவதை அளந்து காட்டினார். 1896-இல் சுவீடனின் அர்ரீனியஸ், அவ்வாயு பெருகினால் புவி எவ்வளவு சூடேறும் எனக் கணக்கிட்டார். 1938-இல் காலண்டர் எனும் நீராவிப் பொறியாளர், அரை நூற்றாண்டாக வெப்பம் ஏறி வருவதை ஏடுகளைப் புரட்டி மெய்ப்பித்தார். அறிஞர் அவை ஐயுற்றது. உலைகள் எரிந்துகொண்டே இருந்தன.

1952 டிசம்பரில் லண்டனைக் கரிப்புகை கவ்வியது. ஐந்து நாள் இருள். மாண்டோர் 4,000 என்று அன்று கணக்கிட்டனர். 12,000 வரை இருக்கலாம் என்பது பிற்கால ஆய்வு. 1956-இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. கண்ணுக்குத் தெரிந்த புகைக்கு நான்கே ஆண்டில் சட்டம் வந்தது. கண்ணுக்குத் தெரியாத வாயுவுக்கோ, 2008-இல் பருவநிலை மாற்றச் சட்டம் வரும்வரை காத்திருக்க நேர்ந்தது!

சட்டம் வந்தபின் நடந்ததென்ன? 2012-இல் அந்நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு நிலக்கரி தந்தது. உமிழும் வாயுவுக்கு விலை வைத்தனர். கடலில் காற்றாலைகளை நட்டனர். பன்னிரண்டே ஆண்டில் 40 என்பது சுழியாயிற்று. கரி போனால் விளக்கு அணையும் என்றோரின் வீட்டிலும் விளக்கு எரிகிறது! 2024-இல் மின்சாரத்தின் ஏறத்தாழ 30 விழுக்காட்டைக் காற்றே தந்தது. எனினும் வெற்றி முழுமையன்று. எரிவாயு இன்னும் எரிகிறது. அதுவும் புதைபடிவ எரிபொருளே.

இவ்வரலாற்றில் இன்னொரு பக்கமும் உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. 1920-இல் பிரிட்டனில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் சுரங்கத்தில் உழைத்தனர். 1966-இல் வேல்ஸ் நாட்டு அபர்ஃபானில் சுரங்கக் கழிவுமலை சரிந்து பள்ளியை மூடியது. மாண்ட 144 பேரில் 116 பேர் சிறார். 1984-இல் 20 சுரங்கங்களை மூடப்போவதாக அரசின் நிலக்கரி வாரியம் அறிவித்தது. பருவநிலையைக் காக்க அன்று. இழப்புக் கணக்கைக் காட்டி! ஓராண்டு போராடிய தொழிலாளர் தோற்றனர். மாற்றுத் தொழில் இன்றிக் கரி ஊர்கள் பல வாடின. உயிரைக் கொடுத்தவன் தொழிலையும் இழந்தான்.

ராட்கிளிஃப் அவ்வாறு மூடப்படவில்லை. 2025-க்குள் நிலக்கரியைக் கைவிடுவோம் என்று 2015-லேயே அரசு அறிவித்தது. ஆயத்தமாகக் காலம் இருந்தது. இரண்டு மூடல்களுக்கும் இடையேயுள்ள இவ்வேறுபாடே நாம் கற்கவேண்டிய பாடம்.

தோழர்களே! கரியை நிறுத்துக என்று உரக்கக் கூறுவோம். அதே மூச்சில், கரி வெட்டியவனுக்கு மாற்றுத் தொழில் எங்கே என்றும் கேட்போம். முதற்கேள்வி அறிவின் கேள்வி. அடுத்தது நீதியின் கேள்வி. ஒன்றை விட்டு மற்றொன்றைக் கேட்பவன் பாதி வழியில் நிற்பவன்.