வலியைக் கேட்டவர்கள்: கோழிக்கோடு தரும் ஒரு வரலாற்றுப் பாடம்

இந்தியாவில் வலிதணிப்புப் பராமரிப்பின் வரலாறு பெரும்பாலும் மார்ஃபினின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அதற்குக் காரணம் உண்டு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கடுந்தண்டனைகளை விதித்தது. பல உரிமங்களைப் பெற்றாக வேண்டியிருந்ததால் மருத்துவமனைகள் அம்மருந்தை வாங்கி வைக்கவே தயங்கின. அபினியை விளைவித்து ஏற்றுமதி செய்யும் நாட்டிலேயே புற்றுநோயாளிகள் வலிமருந்தின்றி மடிந்தனர். சட்டம் திருத்தப்பட 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆயினும் மருந்தால் தீராத துன்பத்தை யார் செவிமடுத்தார்கள் என்ற கேள்வி இக்கதையில் ஓரமாகவே நிற்கிறது.

செவிலியாகவும் மருத்துவச் சமூகப் பணியாளராகவும் இருந்து பின்னர் மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ், 1960களில் ‘முழு வலி’ என்னும் கருத்தை முன்வைத்தார். உடல், மனம், சமூக உறவு, வாழ்வின் பொருள் ஆகிய நான்கும் ஒரே வலியின் கூறுகள் என்பது அவர் நிலைப்பாடு. 1967இல் லண்டனில் அவர் நிறுவிய புனித கிறிஸ்டோபர் இல்லம் அக்கருத்தின் செயல்வடிவம். 1986இல் மும்பையில் தொடங்கிய சாந்தி அவேத்னா சதன், நோயாளி தங்கிப் பராமரிப்புப் பெறும் அவ்வடிவத்தை இந்தியாவுக்குக் கொணர்ந்தது.

கோழிக்கோடு வேறு வழியைத் தேர்ந்தது. 1993இல் அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரியை ஒட்டி, எம். ஆர். ராஜகோபால், சுரேஷ் குமார் முதலிய மயக்கவியல் மருத்துவர்கள் வலிதணிப்புச் சங்கத்தை அமைத்தனர். படுக்கைகளைப் பெருக்குவதைவிட நோயாளியின் வீட்டுக்குச் செல்வதே இங்கு முதன்மை பெற்றது. 2001இல் உருவான அண்டை அயலார் வலையமைப்பு இதனை மலப்புரம் முதலிய மாவட்டங்களில் மக்கள் இயக்கமாக்கியது. வாரம் இரண்டு மணி நேரமேனும் ஒதுக்கக்கூடியவர்களுக்கு 16 மணி நேர வகுப்பும் 4 நாள் களப்பயிற்சியும் அளிக்கப்பட்டன. புற்றுநோயாளிகளோடு பக்கவாதம், தண்டுவடக் காயம், முதுமைத் தளர்ச்சி ஆகியவற்றால் நெடுங்காலம் முடங்கியோரும் இவ்வலையமைப்பின் பொறுப்பில் வந்தனர்.

இங்கே மனநல ஆதரவு என்பது ஆலோசனை அறையில் நிகழ்வதன்று. தன்னார்வலர் கட்டிலருகே அமர்ந்து கேட்டபோது வெளிப்பட்டவை உடல் வலியோடு நிற்கவில்லை. வீட்டில் அரிசியில்லாமை, பிள்ளைகளின் படிப்பு, பிறருக்குச் சுமையானோமே என்னும் வெட்கம் ஆகியனவும் சேர்ந்தே வந்தன. எனவே உணவுப் பொருளும் கல்வி உதவியும் பராமரிப்பின் பகுதிகளாயின. மனத்துயரைத் தனிமனிதரின் உள்ளத்துக்குள் மட்டும் தேடும் உளவியலுக்கு இது ஒரு மறுமொழி.

இதனை வெறும் புகழ்மாலையாக்குதல் தகாது. அண்டை வீட்டாரிடம் எல்லாவற்றையும் சொல்ல இயலாது. அண்மையே மறைப்பதற்கும் காரணமாகலாம். கடும் மனச்சோர்வுக்குக் கனிவு மட்டும் போதாது, பயிற்சி பெற்ற வல்லுநரும் வேண்டும். நோயாளியின் அருகே இரவெல்லாம் விழித்திருக்கும் மனைவியின், மகளின் களைப்பை யார் கேட்டார்கள் என்பதும் எழுப்ப வேண்டிய கேள்வியே.

2008இல் கேரள அரசு இந்தியாவிலேயே முதன்முதலாக இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. பணி உள்ளாட்சிகளின் திட்டமாகி, செவிலியரின் வீட்டு வருகைகள் ஏடுகளில் பதிவாகத் தொடங்கின. வழங்கிய மார்ஃபினையும் சென்ற வீடுகளையும் எண்ணிவிடலாம். கேட்கப்பட்ட துயருக்கு ஆவணக் காப்பகத்தில் இடமில்லை. பேசிய நோயாளிகளுள் பலர் இன்று இல்லை. கேட்டவர்களின் முதல் தலைமுறையும் முதுமை எய்திவருகிறது. மருத்துவ வரலாறு பயிலும் மாணவர்கள் அவர்களுடைய வாய்மொழிச் சான்றுகளை இப்போதே பதிவு செய்தல் வேண்டும். தவறினால் எஞ்சுவது மருந்தின் கணக்கு மட்டுமே.