அலுவலக அழைப்புகளும் குறைந்தபட்ச அதிகாரமும்

அலுவலகத் தொலைபேசி அழைப்பில் குரல் விட்டுவிட்டுக் கேட்டால், அதைச் சரிசெய்பவருக்கு அந்த வேலைக்குத் தேவையான அனுமதியை மட்டும் வழங்குவது குறைந்தபட்ச அதிகாரக் கொள்கை எனப்படும். இப்பெயர் கணினித் துறையில் பிறந்தது. ஆனால் அது தீர்க்க முயலும் சிக்கலுக்குத் தொலைபேசியின் வயது.

இணைப்பகக் காலம்

சென்னையில் தொலைபேசி இணைப்பகம் 1882 ஜனவரி 28 அன்று, கல்கத்தா, பம்பாய் இணைப்பகங்களுடன் திறக்கப்பட்டது. ஒவ்வொரு அழைப்பையும் ஆபரேட்டர் கையால் இணைத்தார். இணைப்பு சரியாக இருக்கிறதா என்று அறிய அவர் கம்பியில் காது கொடுக்க வேண்டும். பழுது பார்ப்பதும் ஒட்டுக்கேட்பதும் ஒரே செயலாக இருந்த காலம் அது. 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் அனுமதியின்றிச் சமிக்ஞை அறைக்குள் நுழைவதைக் குற்றமாக்கியது. செய்தியை முறைகேடாக வெளியிடும் தந்தி ஊழியருக்கு மூன்று ஆண்டு வரை சிறை விதித்தது. அறைக்குள் இருக்க வேண்டியவர் யார், அங்கே அவர் செய்யக்கூடாதது என்ன என்ற இரு கேள்விகளையும் அச்சட்டம் அன்றே பிரித்துப் பார்த்தது கவனிக்கத்தக்கது.

அமெரிக்காவில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் 1891இல் தானியங்கி இணைப்பகத்துக்குக் காப்புரிமை பெற்றார். தமக்கு வரவேண்டிய அழைப்புகளை ஆபரேட்டர் போட்டியாளருக்குத் திருப்பிவிட்டதாக அவர் ஐயுற்றதே அதற்குக் காரணம் என்று சொல்லப்படுவதுண்டு.

கொள்கையின் பிறப்பு

எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975இல் வெளியிட்ட கட்டுரை, பாதுகாப்பான கணினி அமைப்புக்கு எட்டு நெறிகளைத் தொகுத்தது. ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு பயனரும் பணிக்குத் தேவையான மிகக் குறைந்த உரிமையோடு இயங்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. 1992இல் டேவிட் ஃபெராயோலோ, ரிச்சர்ட் குன் இருவரும் உரிமைகளை ஆளுக்கு அன்றிப் பொறுப்புக்கு வழங்கும் முறையை வரையறுத்தனர்.

இணையவழி அழைப்பு

குரல் பாக்கெட்டுகளாகப் பயணிக்கத் தொடங்கியபின், பழுது பார்க்கக் காது தேவையில்லை, எண்கள் போதும். பாக்கெட் இழப்பு, ஜிட்டர், தாமதம் ஆகியவையே முக்கியமானவை. ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருப்பது நல்லது என்கிறது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. ஆனால் அந்த எண்களோடு யார் யாரை எப்போது அழைத்தார் என்ற பட்டியலும் சேர்ந்தே வருகிறது.

மாத்தூரை அடுத்த மணலியிலோ எண்ணூரிலோ உள்ள ஓர் ஆலை அலுவலகத்தை எண்ணிப் பார்க்கலாம். ஒரு தொழிலாளி சங்கத் தலைவரை அழைத்ததும், ஒரு பெண் ஊழியர் பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழுவை அழைத்ததும் அந்தப் பட்டியலில் இருக்கும். பேசியது என்ன என்று தெரியாவிட்டாலும் பட்டியலே காட்டிக்கொடுத்துவிடும்.

மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் மென்பொருள் இதற்காகப் பொறுப்புகளைப் பிரித்துள்ளது. கம்யூனிகேஷன்ஸ் சப்போர்ட் ஸ்பெஷலிஸ்ட், தாம் தேடிய பயனரின் அழைப்பு விவரங்களை மட்டும் காண்பார். மறுமுனையில் இருப்பவரின் அடையாளம் அவருக்கு மறைக்கப்படும். சப்போர்ட் இன்ஜினியர் இருமுனை விவரங்களையும் காண்பார். அழைப்பு அமைப்புகளை மாற்றும் உரிமை கம்யூனிகேஷன்ஸ் அட்மினிஸ்ட்ரேட்டருக்கு உண்டு. பெரும்பாலான புகார்கள் வைஃபை, ஹெட்செட் கோளாறுகள் என்பதால் முதல் நிலையே அநேகமாகப் போதும்.

நடைமுறையில் பல அலுவலகங்கள் வசதி கருதி ஒருவருக்கே முழு நிர்வாகி உரிமையைத் தந்துவிடுகின்றன. அது சோம்பலே அன்றித் தேவையன்று. குளோபல் அட்மினிஸ்ட்ரேட்டர்கள் ஐவருக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் பரிந்துரை. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது.