தீயை அணைத்தவர்களுக்கு ஓர் அலமாரி

நமது சங்கம் ஐம்பது ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், வட்டார வரலாறு ஒன்றை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். நாங்கள் வரலாறு படித்தவர்கள் அல்லர். பாலிடெக்னிக்கில் இயந்திரத் துறை டிப்ளோமாவை முடித்துவிட்டு, அத்தா தொடங்கிய இரும்புச் சாமான் கடையைச் சகோதரர்களாகச் சேர்ந்து நடத்தி வருகிறோம். ஆகவே எங்கள் கைக்கு வந்து, நாங்கள் அருமை தெரியாமல் இழந்த ஒரு பொருளிலிருந்தே தொடங்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்துப் பழைய ஸ்டோரை இடித்தார்கள். அங்கிருந்த இரும்பும் பித்தளையும் லாரியில் எங்கள் கடைக்கு வந்தன. அவற்றில் சிவப்புச் சாயம் பூசிய இரண்டு வாளிகளும், காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு கையால் அடிக்கும் ஒரு பம்பும், பித்தளைக் குழாய் முனை ஒன்றும் இருந்தன. பம்பையும் குழாய் முனையையும் நிறுத்துக் கிலோ விலைக்கு விற்றுவிட்டோம். வாளிகளில் ஒன்றை ஆணி போட்டு வைக்க வைத்துக்கொண்டோம். அது தரையில் நிற்காது. அடி உருண்டையாக இருந்தது. ஒரு கம்பியில் தொங்கவிட்டிருந்தோம்.

தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் பைப்புக்கு வாஷர் வாங்க வந்தார். வாளியைப் பார்த்ததும் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார். “தம்பி, இது நெருப்பு வாளி. குளிக்கவோ மாட்டுக்குத் தண்ணி வைக்கவோ யாரும் தூக்கிட்டுப் போயிடக் கூடாதுன்னுதான் அடியை இப்படி உருட்டி வச்சாங்க. இதோட பம்பு ஒண்ணு இருந்திருக்குமே?” என்று கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பம்பு உருகி என்னவாகிப் போயிற்றோ!

அன்றிலிருந்துதான் தீயணைப்பின் வரலாற்றை விசாரிக்கத் தொடங்கினோம்.

நம் நாட்டில் தீயணைப்புப் படையை எல்லாரும் ‘பொம்பா’ என்கிறோம். மலாய் மொழிக்கு இந்தச் சொல் போர்த்துகீசியத்திலிருந்து வந்தது. அங்கே அதன் பொருள் தண்ணீர் இறைக்கும் பம்பு. சொல்லைப் பார்த்தாலே போதும், அந்தக் காலத்தில் பம்புதான் படை, படைதான் பம்பு என்பது விளங்கும். அந்தப் பம்பைத்தான் நாங்கள் எடைக்குப் போட்டோம்.

கோலாலம்பூர் ஒரு காலத்தில் மரப் பலகையும் அத்தாப்பும் வேய்ந்த ஊர். 1881 ஜனவரி 4ஆம் நாள் தீப்பிடித்து ஊரின் பெரும்பகுதி அழிந்தது. அதே ஆண்டின் இறுதியில் வெள்ளமும் வந்தது. மறு ஆண்டு சிலாங்கூரின் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், செங்கல்லாலும் ஓட்டாலும் ஊரைத் திரும்பக் கட்டச் செய்தார். பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே செங்கல் சூளைகளால் வந்ததுதான். 1883இல் எச்.எப். பெல்லமி தலைமையில் சிலாங்கூர் தொண்டூழியத் தீயணைப்புப் படை அமைந்தது. தொடக்கத்தில் அதில் இருந்தவர்கள் 15 பேர். நாட்டின் தீயணைப்பு வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. அதன்பின் நெடுங்காலம் இந்தப் பணி மாநிலங்களின் பொறுப்பிலும் நகராட்சிகளின் பொறுப்பிலும் பிரிந்து கிடந்தது. 1976 ஜனவரி முதல் நாள்தான் அது கூட்டரசின் கீழ் ஒரே துறையாக வந்தது. நம் சங்கத்துக்கும் அந்த ஒருங்கிணைந்த துறைக்கும் ஒரே வயது என்பதை இம்மலரில் பதிவு செய்வதில் மகிழ்ச்சி அடைகிறோம்.

இது பட்டணத்தின் வரலாறு. தோட்டங்களில் கதை வேறு. ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய ஊர்களைச் சுற்றியிருந்த தோட்டங்களுக்குப் பட்டணத்துப் பொம்பா வண்டி செம்மண் சாலையில் வந்து சேர்வதற்குள் எரிய வேண்டியது எரிந்து முடிந்துவிடும். லயத்து வீடுகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக நின்றன. பலகைச் சுவர், விறகு அடுப்பு, மண்ணெண்ணெய் விளக்கு. ஒரு வீட்டில் பற்றினால் கூரை வழியே கடைசி வீடு வரை ஓடும்.

ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகையில் ஆபத்து இன்னும் அதிகம். ஷீட்டுகளை அடுக்கடுக்காகத் தொங்கவிட்டு, கீழே ரப்பர் விறகை மூட்டி, ஏறத்தாழ 60 பாகை வெப்பத்தில் பல நாள் காய வைப்பார்கள். ஒரு ஷீட் நழுவி நெருப்பில் விழுந்தால் கொட்டகை முழுவதும் போய்விடும். அதனால்தான் இரவெல்லாம் ஒருவர் கண்விழித்து அந்தத் தணலைப் பார்த்துக்கொண்டார். தீப்பிடித்தால் மணி அடிப்பார்கள். ஆண்களும் பெண்களும் ஓடி வந்து கால்வாயிலிருந்து வரிசையாக நின்று வாளி மாற்றுவார்கள். அவர்களுக்குச் சீருடையும் இல்லை, பதக்கமும் இல்லை.

நம் சமூகத்து மூத்தோர் பலர் இந்தத் தோட்டங்களை ஒட்டிய சிறு ஊர்களில் பலகைக் கடை வைத்திருந்தார்கள். கீழே அரிசி மூட்டை, துணிக் கட்டு, மண்ணெண்ணெய்த் தகரம், தீப்பெட்டிப் பெட்டி, மேலே படுக்கை. உறங்கும் முன் விளக்கை அணைத்துவிடுங்கள் என்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை அவர்களுக்கு அன்றாடத் தொழில் பாடமாகவே இருந்தது.

இந்த வரலாறு எங்கே பாதுகாக்கப்படுகிறது? புக்கிட் மெலாவாத்தியில் பீரங்கிகள் இருக்கின்றன. 1784இல் டச்சுக்காரர்கள் அந்தக் கோட்டையைப் பிடித்ததையும், 1871இல் பிரிட்டிஷ் போர்க்கப்பல் கோல சிலாங்கூர் மீது குண்டு வீசியதையும் பள்ளிப் பிள்ளைகள் அங்கே தெரிந்துகொள்கிறார்கள். 1907இல் கட்டிய கலங்கரை விளக்கமும் அங்கே நிற்கிறது. மாநிலத்தின் வடகோடியில், இடம் மாறி எழுந்த கோல குபு பாருவில் பழைய தீயணைப்பு நிலையம் இருக்கிறது. தீயணைப்பு வீரர்களுக்குப் பயிற்சி தரும் கழகமும் அதே ஊரில்தான் இருக்கிறது. சிங்கப்பூரில் நூறாண்டைக் கடந்த ஹில் ஸ்திரீட் மத்தியத் தீயணைப்பு நிலையத்துக்குள்ளேயே மரபுடைமைக் காட்சிக்கூடம் அமைத்திருக்கிறார்கள். அங்குள்ள உயர்ந்த கோபுரத்தில் ஏறித்தான் முன்பு ஊரில் எங்கே புகை எழுகிறது என்று பார்த்தார்கள். நனைந்த குழாய்களைத் தொங்கவிட்டுக் காய வைத்ததும் அதே கோபுரத்தில்தான்.

இவை எல்லாம் நல்ல முயற்சிகள். ஆனால் அங்கே சேர்வது பெரும்பாலும் படையின் வரலாறு. வாளி மாற்றிய லயத்து மக்களின் வரலாற்றை நாம்தான் சேர்க்க வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ஸ்டோர் இடிந்தால் பொருள் போகிறது. பெரியவர் போனால் பேச்சும் போகிறது.

பழையதை மட்டும் சொல்லவில்லை. எங்கள் தலைமுறையின் தீயும் வரலாறுதான். 1991 மே 7ஆம் நாள் பிற்பகலில் சுங்கை பூலோ பட்டாசு ஆலை வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்; நூற்றுக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர்; சுற்று வட்டார வீடுகள் சேதமுற்றன. அப்போது எங்களில் மூத்தவரே கைக்குழந்தை. இன்று அந்தச் சாலையில் தினமும் போய்வருகிற இளையோரில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

2005 ஆகஸ்டு 11ஆம் நாள் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியதால் கிள்ளான் துறைமுகத்திலும் நமது கோல சிலாங்கூரிலும் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. சுமத்ராவின் காட்டுத்தீ பெருங்காரணம். ஆனால் வட சிலாங்கூரின் கரிச்சதுப்பு நிலங்களும் வறட்சிக் காலத்தில் எரியக்கூடியவை என்பதை நாம் அறிவோம். மட்காத இலையும் வேரும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தண்ணீருக்குள் சேர்ந்து உண்டான மண் அது. கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தால் மண்ணே விறகாகிவிடும். மேலே அணைந்தது போலிருக்கும். அடியில் வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மேலாகத் தண்ணீர் பீய்ச்சுவதால் மட்டும் அது அணையாது; நிலத்தையே ஊற வைக்க வேண்டும். அதனால்தான் 2008 முதல் ராஜா மூசா வனக் காப்பகத்தில் வனத்துறையும் சுற்றுச்சூழல் அமைப்பும் கிராம மக்களும் சேர்ந்து கால்வாய்களை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்தி, மரக்கன்றுகளையும் நட்டு வருகிறார்கள். தீ வருமுன் தண்ணீரைத் தேக்கி வைப்பதும் தீயணைப்புதான். ஒரு கால்வாய் அடைப்பின் படமும் அந்தச் சிவப்பு வாளியின் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

இனி, இந்த முயற்சி எதற்கு என்ற கேள்விக்கு வருகிறோம். 1989 செப்டம்பர் 22ஆம் நாள் கெடா மாநிலம் யான் மாவட்டத்தில் ஒரு சமயப் பள்ளியின் விடுதி இரவில் எரிந்து 27 மாணவிகள் இறந்தார்கள். 2017 செப்டம்பர் 14ஆம் நாள் அதிகாலையில் கோலாலம்பூர் டத்தோ கெராமாட்டில் குர்ஆன் மனனப் பள்ளி ஒன்றில் தீப்பிடித்து 21 மாணவர்களும் இரு ஆசிரியர்களும் உயிர் இழந்தார்கள். அந்தத் தீ வேண்டுமென்றே மூட்டப்பட்டது. ஆனால் ஜன்னல்களில் இரும்புக் கம்பி இருந்ததும், வாசல் பக்கம் தீ மறித்ததும்தான் பிள்ளைகளைச் சிக்க வைத்தன. இரண்டு துயரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 28 ஆண்டுகள். முதல் தீயை நேரில் அறிந்த தலைமுறை ஓய்வு பெற்றுவிட, அடுத்த தலைமுறைக்கு அது பழைய செய்தியாகிவிட்டது. மறந்த தீ மறுபடியும் வருகிறது. இறந்த அந்தப் பிள்ளைகளுக்கு இறைவன் உயர்ந்த பதவிகளை அருள்வானாக.

2017க்குப் பிறகு ஒருநாள், எங்கள் பிள்ளைகள் ஓதச் செல்லும் மதரசாவின் பின்கதவைத் தள்ளிப் பார்த்தோம். வெளிப்புறம் பூட்டியிருந்தது. திருட்டுப் பயத்தால் போட்ட பூட்டு. சாவி நிர்வாகிகளில் ஒருவர் வீட்டில் இருந்தது. வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. அந்த நிர்வாகத்தில் நாங்களும் இருந்தோம். அந்தப் பூட்டை விற்றதும் எங்கள் கடைதான். அன்று மாலையே பூட்டைக் கழற்றினோம். உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும் தாழ்ப்பாளைப் பொருத்தினோம். ஒரு ஜன்னல் கம்பியைக் கீல் வைத்துத் திறக்கும்படி மாற்றினோம். செலவு ஒரு குடும்பம் ஒருவேளை கடையில் சாப்பிடும் பணத்துக்குச் சற்று மேல்தான்.

ஆகவே சங்கத்துக்கு நாங்கள் வைக்கும் வேண்டுகோள் இது. புதிய கட்டடம் வேண்டாம். மண்டபத்தின் பின்னறையில் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அலமாரி போதும். அலமாரிக்கான செலவை எங்கள் கடை ஏற்கும். தோட்டத்திலிருந்தும் பழைய கடையிலிருந்தும் கிடைக்கும் வாளி, விளக்கு, மணி, குழாய், படம், கடிதம் எதுவானாலும் தாருங்கள். இன்னார் தந்தது, இன்ன தோட்டத்தது, எந்த ஆண்டு என்று ஒரு சீட்டில் எழுதிச் சேர்த்து வையுங்கள். சீட்டு இல்லாத பொருள் வெறும் பழைய இரும்பு. பெரியவர்கள் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்து தாருங்கள்.

தொழில் தெரிந்தவர்கள் என்ற முறையில் சில குறிப்புகளும் சொல்கிறோம். பித்தளையைப் பளபளவென்று தேய்க்காதீர்கள். அதில் குத்திய எழுத்துகள் அழியும். வாளிக்குப் புதுச் சாயம் பூசாதீர்கள். பழைய சாயத்தின் மேல்தான் தோட்டத்தின் பெயர் இருக்கும். கேன்வாஸ் குழாயை நன்றாகக் காய வைத்துத் தளர்வாகச் சுற்றுங்கள். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடித்து மடிப்பில் இற்றுவிடும். பழைய தீயணைப்புச் சிலிண்டர்களைத் தலைகீழாகக் கவிழ்க்காதீர்கள். அந்தக் கால வகை சிலவற்றில் சோடாக் கரைசலும் அமிலமும் தனித்தனியே இருக்கும். கவிழ்த்தால் இரண்டும் கலந்து அழுத்தம் உண்டாகும். எங்களிடமோ தீயணைப்பு நிலையத்திலோ கேட்டுக் காலி செய்த பிறகே காட்சிக்கு வைக்க வேண்டும்.

அலமாரிக்கான முதல் இரண்டு பொருள்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று, ஆணிகளைக் கொட்டிவிட்டுத் துடைத்து வைத்திருக்கும் அந்த உருண்டை அடி வாளி. மற்றொன்று, மதரசாக் கதவிலிருந்து கழற்றிய பூட்டு. ஓத வரும் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை அலமாரியைத் திறந்து காட்டி, அப்படியே பின்கதவு வழியாக அவர்களை வெளியே நடத்திச் சென்று பழக்கினால் போதும். அதுவே அந்த அருங்காட்சியகத்தின் வேலை.

இன்ஷா அல்லாஹ், அடுத்த ரமலானுக்குள் அலமாரியைத் திறப்போம். உங்கள் வீட்டுப் பரணை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.