வெள்ளிக்குள் இருக்கும் வாள்

பர்மாவில் வாளுக்குப் பெயர் 'தா'. வீட்டுக் கத்தியும் அங்கே 'தா'தான். கைக்காப்பு இல்லாத நீண்ட பிடி, ஒருபக்கக் கூர், மெல்லிய வளைவு.

பழைய வாள்களின் படங்களைப் பக்கத்துப் பக்கத்தில வைத்துப் பார்த்தபோது எங்கட கண் முதலில் போனது வெள்ளிக்குத்தான். மர உறையைச் சுற்றிய தகடு, முறுக்குக் கம்பி வளையங்கள், பூவேலை. ஆனா உருவிப் பார்த்தால்தான் வாள் தெரியும். வெட்டச் செய்த அலகுக்கு முதுகு தடித்திருக்கும். நினைவுப்பொருளாக விற்கச் செய்தது பலதும் வெறும் மெல்லிசு. இன்னும் சில 19ஆம் நூற்றாண்டு அலகுகளில் கறுப்பு இரும்பின்மேல் வெள்ளியால் ஜாதகக் கதைகள், கூடவே செய்தவரின் பெயரும்.

1885 நவம்பரில் மண்டலே விழுந்தது. திபோ மன்னரை இந்தியாவின் ரத்னகிரிக்கு நாடுகடத்தினார்கள். பிறகு பிரித்தானியர் ஊரூராக ஆயுதங்களைப் பறித்தார்கள். (தமிழில 'தா' எண்டா கொடு. பறித்தவர்களுக்கு அது தெரிந்திருக்காது.) அதே ஆட்சியின் அதிகாரிகள்தான் வீட்டுச் சுவரில மாட்ட வெள்ளி வாள் தேடி வாங்கினதும்.

லண்டனுக்குப் போன அரச அணிகலன்கள் 1964இல் திரும்பி வந்தன. ஊராரின் வாள்கள் இன்னும் ஏலத்துக்கு வருது. நாங்கள் பார்த்த ஒரு ஏலக் குறிப்பில் வெள்ளியைப் பற்றி நாலு வரி. அலகைப் பற்றி ஒண்டுமில்லை.