தமிழ் மறவனும் சாணி வண்டும்

மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில் வாழும் தமிழ் மறவனை 2019-இல் தமிழ்நாடு அரசு மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது. செம்மஞ்சள் சிறகும் கரிய ஓரமும் கொண்ட இந்த வண்ணத்துப்பூச்சியின் புழு நீரடிமுத்து இலையைத் தின்று வளரும். அதே காட்டில் யானைச் சாணத்தைப் பிரித்து மண்ணுக்குள் இறக்கும் சாணி வண்டுக்கு அப்படியொரு பட்டம் இல்லை. ஆனால் காட்டு மண்ணுக்கு அதிகம் உழைப்பது வண்டுதான். முன்னங்காலால் மண்ணைப் பறித்துப் போட்டு, சாணத்தைக் கீழே இழுத்து, அதில் முட்டையிடுகிறது. அந்தத் துளை வழியே காற்றும் மழைநீரும் இறங்குகின்றன. சாணத்திலிருந்த விதைகளும் மண்ணுக்குள் புதைகின்றன.

வண்ணத்துப்பூச்சி மகரந்தம் சுமக்கிறதே, காட்டின் நலத்தைக் காட்டும் அடையாளமாயிற்றே என்று கேட்கலாம். அது உண்மை. ஆனால் உப்புக்காக ஈரமண்ணிலும் சாணத்திலும் வந்து உட்காரும் பூச்சி, சாணத்தை அகற்றுவதில்லை. அகற்ற ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியா சாட்சி: மாட்டுச் சாணம் தேங்கி ஈ பெருகியதால், 1960-களின் பிற்பகுதி முதல் வெளிநாட்டுச் சாணி வண்டுகளைக் கொண்டுவந்து விட்டார்கள்.

கீழச்சிவல்பட்டி போன்ற செட்டிநாட்டு வறண்ட ஊர்களில் தமிழ் மறவனைத் தேட வேண்டாம். அது மலைக்காட்டு உயிர். மாடு மேயும் இடத்தில் சாணி வண்டைப் பார்க்கலாம். மாட்டுக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் என்னும் ஒட்டுண்ணி மருந்து சாணத்தில் வெளியேறி வண்டின் புழுவைக் கொல்லும். தேவையின்றி அதைக் கொடுக்காதீர்கள்.